ராணிக்காசின் மேல் விளிம்பு

ஜூன் 3, செவ்வாய்

இவருக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இடது கண் அடுத்த மாதம். குனியக்கூடாது, தலையில் தண்ணீர் படக்கூடாது, பொடி எழுத்தை உற்றுப் பார்க்கக்கூடாது என்று டாக்டரம்மா அடுக்கிக்கொண்டே போனார். அத்தனையையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆபரேஷன் இவருக்கு, பத்தியம் எனக்கு.

இந்த டைரியின் அட்டையில் "ஏகாம்பரம் ஹார்டுவேர்ஸ், ஆரணி" என்று பொன்னெழுத்தில் இருக்கிறது. பெயின்ட் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் இவருக்குக் கொடுப்பது. இவர் ஒரு பக்கம்கூடத் தொட்டதில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து நான்தான் எழுதுகிறேன். கட்டினவர் பெயரை வாயால் சொன்னால்தானே தப்பு, எழுதினால் ஒன்றும் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

சொட்டு மருந்து விடுவதும், "தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க" என்று கத்துவதுமாகப் பொழுது போகிறது. கடைக்கு ஒரு எட்டு போய்வந்தேன். வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

பழைய காசுகள் சேர்ப்பதுதான் இவருக்கு உயிர். நான் இந்த வீட்டுக்கு வரும்போதே நான்கைந்து ஆல்பம் இருந்தது. இப்போது பீரோவில் என் புடவைக்கு இடமில்லை. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுவார். எங்கள் பெண் மேகலா சின்ன வயதில் கம்பெனி காலத்துச் செப்புக்காசு ஒன்றை வெறுங்கையால் எடுத்துவிட்டாள் என்று வீட்டை இரண்டாக்கினார். விரல் ஈரம் பட்டால் காசு கறுத்துவிடுமாம்.

ஆனால் ஒரே ஒரு காசுக்கு இந்தச் சட்டம் கிடையாது. விக்டோரியா ராணி தலை போட்ட தங்கக்காசு. ஆல்பத்தில் இல்லாமல் சின்ன எவர்சில்வர் டப்பியில் தனியாக இருக்கும். காலையில் காபி குடித்ததும் அதை வெறுங்கையில் எடுத்து, கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கேட்டால் "தங்கத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்பார். இதேபோல் இன்னொரு ராணிக்காசு ஆல்பத்தில் இருக்கிறது. அதற்கு மட்டும் கையுறை. அது என்ன, பித்தளையா?

டப்பி இருப்பது பீரோவின் அடித்தட்டில். குனியக்கூடாது என்பதால் இப்போது நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

வேலூரிலிருந்து ஜபருல்லா பாய் இவரைப் பார்க்க ஆப்பிளோடு வந்தார். நாணய வியாபாரி. இவருடைய காசுகளுக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறவரும் அவர்தான். போன தடவை அனுப்பின வெள்ளி ரூபாய்கள் திரும்பி வந்திருந்தன. இவர் கண்ணாடிக்கு அடியிலேயே சிரித்தார்.

இந்தச் சான்றிதழ் சமாசாரம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. காசை எங்கேயோ வடக்கே ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்து, அசலா போலியா என்று சொல்லி, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, திறக்கவே முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துச் சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். காசு என்ன பரீட்சையா எழுதிற்று? போடுவதுதான் போடுகிறார்கள், நூற்றுக்குப் போடாமல் எழுபதுக்கு ஏன்? நன்றாகப் படித்த காசுக்கு அறுபத்துச் சொச்சமாம். படிக்காத காசுக்கு இருபது, முப்பதாம்.

பாய் காபி குடித்துக்கொண்டே, "அண்ணே, அந்த டப்பி ராணிக்காசை மட்டும் ஒருதடவை என் கையில குடுக்க மாட்றீங்களே. அனுப்பினா நல்ல நம்பர் வரும்" என்றார்.

"அதுக்கு எதுக்கு நம்பர்?" என்றார் இவர்.

எனக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஆவணி உத்திராடத்தில் இவருக்கு அறுபது முடிகிறது. மணிவிழா வைத்திருக்கிறோம். எல்லோரும் வேட்டியும் சால்வையுமாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். நான் இவருக்குப் பிடித்ததாக ஒன்று கொடுக்கவேண்டாமா? அந்தக் காசை மார்க்கோடு பெட்டியில் வைத்து நீட்டினால் மனுஷன் அப்படியே குளிர்ந்துபோய்விடுவார்.

ஜூன் 12, வியாழன்

கண் மருந்து வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு வேலூர் போனேன். பாயிடம் டப்பியைக் கொடுத்தேன். கையுறை போட்டு, விளக்கைக் கிட்டே இழுத்து, லென்ஸ் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேல் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"அண்ணனுக்குத் தெரியுமா அம்மா?"

"சொன்னா அப்புறம் என்ன பரிசு பாய்?"

"அனுப்பித்தான் ஆவணுமா? நல்லா யோசிச்சீங்களா?"

நம்பர் குறைந்துவிடும் என்று தயங்குகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "குறைஞ்சாப் பரவால்ல, அனுப்புங்க" என்றேன். செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். ஒரு படத்தில் என் கட்டைவிரலும் விழுந்தது.

டப்பி காலியாக இருக்கக்கூடாதே. வீட்டுக்கு வந்ததும் ஆல்பத்திலிருந்த இன்னொரு ராணிக்காசை எடுத்து அதில் போட்டேன். அதே ராணி, அதே எடை. கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்ன தெரியப்போகிறது?

ஜூன் 13, வெள்ளி

காலையில் வழக்கம்போல் டப்பியைக் கொடுத்தேன். காசை எடுத்தார். கட்டைவிரலை விளிம்பின்மேல் ஓட்டினார். ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. பிறகு டப்பியில் போட்டு மூடி என்னிடம் கொடுத்துவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியல். பிடித்த சாப்பாடு. பாதியில் கை கழுவிவிட்டார். பார்க்காமல் எப்படித் தெரிந்தது? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை?

ஜூன் 16, திங்கள்

டப்பியைக் கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

இன்னும் கேட்கவில்லை. தினமும் காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறார். கட்டைவிரல் மட்டும் சுட்டுவிரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. மேகலா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "அப்பா குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். கண் வலி என்றேன். கண்ணில் வலியே இல்லை என்று டாக்டரம்மாவிடம் இவரே சொல்லியிருக்கிறார்.

கடையில் பிவிசி பைப் லோடு வந்தது. இறக்கும்போது இரண்டு உடைந்தது. லாரிக்காரனோடு சண்டை. வாய்விட்டுக் கத்தினது நன்றாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

இடது கண்ணும் முடிந்தது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வாசலில் கோலம், கூழ், எல்லாம் ஆயிற்று. பூஜை முடிந்து கற்பூரத் தட்டோடு உள்ளே போனால், இவர் தரையில் முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து, பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார்! குனியக்கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியும்!

"என்ன தேடறீங்க?"

"பல்லி சத்தம் கேட்டுது."

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். புதுக்கண் சிவந்திருந்தது. பீரோவுக்கு அடியிலிருந்த தூசியெல்லாம் சட்டையில். "பல்லிதானே, போனா போவுது" என்றேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், கையில் வாங்கும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கே அழுகை வந்தது. பரிசு கொடுக்க நினைத்து இப்படி ஒருவரை வதைப்பார்களா?

ஜூலை 23, புதன்

காசு வந்துவிட்டது. பாய் கூரியரில் கடைக்கு அனுப்பியிருந்தார். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போய்நின்று பிரித்தேன். பிளாஸ்டிக் பெட்டி பளபளவென்று இருந்தது. ராணி உள்ளே மீன்தொட்டியில் இருப்பவள் மாதிரி இருந்தாள்.

ஆனால் சீட்டில் நம்பரே இல்லை. எழுபதுக்கும் இல்லை, ஏழுக்கும் இல்லை. "டீடெயில்ஸ்" என்று போட்டு, அடியில் "மவுன்ட் ரிமூவ்ட்" என்று இருந்தது. பாஸா பெயிலா என்றே தெரியவில்லை. மேகலாவுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன்.

"காசு அசல்தான்மா. ஆனா யாரோ கை வெச்சிருக்காங்க, அதனால நம்பர் போட மாட்டாங்களாம். மவுன்ட்னா வளையம். இதுல ஒருகாலத்துல வளையம் வெச்சு ஒட்டியிருந்திருக்கு, அப்புறம் எடுத்திருக்காங்க."

நான் கொடுத்த காசில் வளையமாவது ஒன்றாவது. மாற்றிவிட்டார்கள்!

ஜூலை 25, வெள்ளி

வேலூர் போய் பாயின் கடையில் நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். நல்ல காசை வாங்கிக்கொண்டு ஓட்டைக் காசை அடைத்து அனுப்பியிருக்கிறீர்கள், இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்று என்னென்னவோ கேட்டுவிட்டேன். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள்.

அவர் செல்போனை எடுத்து அன்றைக்கு எடுத்த படத்தைக் காட்டினார். என் கட்டைவிரல், பக்கத்தில் காசு. அதை விரலால் பெரிதாக்கினார். ராணியின் தலைக்குமேல் விளிம்பு சின்னதாகத் தட்டையாகி இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் காசிலும் அதே இடம், அதே தட்டை.

"இதைத்தாம்மா அன்னிக்கே பார்த்தேன். தாலிக்கொடியில கோக்கறதுக்கு இப்படி வளையம் வெப்பாங்க. விக்கறவங்க பட்டறையில குடுத்து சுத்தமா எடுத்துடுவாங்க. இது அப்படியில்ல. யாரோ வீட்டுல உக்காந்து, பழக்கமில்லாத கையால அரம் வெச்சு ராவியிருக்காங்க. மேல கோடு கோடா இருக்கு பாருங்க. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா விரல் பட்டுப் பட்டு அந்தக் கோடும் வழவழனு ஆயிடுச்சு."

நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே எதையும் பார்த்த ஞாபகமில்லை.

ஜூலை 26, சனி

இவர் அந்தக் காசை எங்கேயோ விலைக்கு வாங்கியிருப்பார். வாங்கும்போதே அப்படி இருந்திருக்கும். அரம் எங்கள் கடையில் மட்டுமா இருக்கிறது? எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று பீரோவைத் திறந்து பார்த்தேன். கண் தெளிந்ததும் இவரே திறந்திருக்கிறார். டப்பியிலிருந்த காசை எடுத்து ஆல்பத்தில் அதன் இடத்தில் ஒழுங்காக வைத்திருக்கிறார். டப்பி காலி. துடைத்து மூடி வைத்திருக்கிறார்.

அப்படியென்றால் ஆள்மாறாட்டம் இவருக்குத் தெரியும். கண் தெளியும்வரை பீரோ சாவி என்னிடம்தான் இருந்தது என்பதும் தெரியும். "மரகதம், என் காசு எங்க?" என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு மூக்குக்கண்ணாடி காணாமல்போனால் தெருவைக் கூட்டுகிற மனுஷன்.

காசு என் புடவை மடிப்பில் பெட்டியோடு இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிடலாம். கொடுக்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். சாம்பாரில் உப்பு இரண்டுதரம் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மணிவிழாவுக்கு முன்னால் பூவாடைக்காரி படையல் போட்டோம். சுமங்கலியாகப் போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக அழைத்து, புடவை பூ வைத்துப் படைத்து, நல்ல காரியம் நடத்தித் தரும்படி கேட்கிற வழக்கம். இந்த வீட்டுப் பூவாடைக்காரி அம்சவேணி அக்கா. இவருடைய முதல் சம்சாரம். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பெண் பார்க்க வந்தபோதே என் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார்கள், ஒளிக்கவில்லை. அக்கா படத்துக்கு நான்தான் பூ வைக்கிறேன். தை மாதம் தவறாமல் படைக்கிறேன். வடை, பாயசம், டவரா நிறைய காபி. படைத்த புடவையை நான்தான் கட்டிக்கொள்கிறேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இவர்தான் அவளைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பெயரைக்கூடச் சொன்னதில்லை.

போளூரிலிருந்து இவர் அக்கா கன்னியம்மா அண்ணி வந்திருந்தார். இவர் பந்தல்காரரைப் பார்க்கப் போனதும் இரண்டுபேரும் பூ கட்ட உட்கார்ந்தோம். அண்ணி படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மரகதம், உன் கல்யாணத்துல ஒரு கொற வெச்சிட்டோம்டி. இன்னிக்கும் எனக்கு உறுத்துது."

"இன்னா கொற அண்ணி?"

"மூத்தவ தாலிக்கொடியிலேர்ந்து ஒரு காசை எடுத்துவெச்சி, பின்னாடி வர்றவ தாலியில கோக்கணும். நம்ம வூட்டு வழக்கம். அவ தொணையிருப்பான்னு. வேணி நகையெல்லாம் அவங்க அம்மா வூட்டுக்கே திருப்பிட்டோம். அந்த ஒரு ராணிக்காசை மட்டும் எடுத்துவெச்சோம். காரியம் முடிஞ்சி பார்த்தா, காணோம்! வேணி தங்கச்சிதான் எடுத்துட்டானு எங்கம்மா ஒரே ரகள. அன்னிக்கு அந்துபோனதுதான் ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சு."

பூ கட்டுகிற நார் என் விரலில் இறுகிவிட்டது. "அப்ப உங்க தம்பி இன்னா சொன்னாரு?"

"அவன் எங்க பேசனான்? செவுத்தைப் பார்த்துக்கினே நின்னான். பொண்டாட்டி போன துக்கம்னு நெனச்சோம். அதுக்கப்புறந்தான் இந்தப் பழங்காசு பைத்தியம் புடிச்சிது. போவட்டும், ஏதோ ஒண்ணுல மனசு திரும்புதேனு எங்கம்மா வுட்டுட்டா."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பாயசம் பொங்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

கோபம் என்றால் கோபம், அப்படி ஒரு கோபம். ஆல்பம் ஆல்பமாகக் காசு வாங்கிக் குவித்ததெல்லாம் எதற்கு? ஒரு காசை ஒளிக்கவா? காசு சேர்க்கிறவன் வீட்டில் ஒரு காசு ஏது என்று யார் கேட்கப்போகிறார்கள்! மேகலாவைத் திட்டினது, கையுறை, பூதக்கண்ணாடி, பாய், மார்க், பிளாஸ்டிக் பெட்டி, எல்லாம் அந்த ஒன்றுக்குத் திரையா?

அக்காமேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை வருஷம் சாமியாகக் கும்பிட்டவள். சாமியாக இருந்தவரைக்கும் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் இவர் கைக்குள் இருந்திருக்கிறாள் என்று தெரிந்தபிறகுதான் தாங்கவில்லை. அந்தக் காசு என் கழுத்துக்கு வரவேண்டியது. அதைக் கொடுக்க மனசு வராமல், ஒரு பாவப்பட்ட பெண்மேல் திருட்டுப் பட்டம் விழுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றிருக்கிறார். நல்ல மனுஷர்தான் இவர். ஒரு ஆணிக்குக்கூட அதிக விலை சொல்லமாட்டார். அப்படிப்பட்டவர் ஏன் இப்படிச் செய்தார்? அவ்வளவு பிரியமா?

அவ்வளவு பிரியம் வைக்கத் தெரிந்த மனுஷனோடுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்ததும் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஒரு நிலையில் நிற்கமாட்டேனென்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இரண்டு வழி இருக்கிறது. பெட்டியை உடைத்து, காசைச் சத்தமில்லாமல் டப்பியில் போட்டுவிடலாம். இவர் எடுப்பார், தடவுவார், சாப்பிடுவார். ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். இல்லை, பெட்டியோடு கையில் கொடுத்து "இது என்ன?" என்று கேட்கலாம். அறுபது வயதில் திருடன் மாதிரி முழிப்பார். அதை என்னால் பார்க்கமுடியாது.

இரண்டும் வேண்டாம் என்று மட்டும் தெரிகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. இவர் ஒன்றோடு எழுந்துவிட்டார். நான் முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கடையில் சுத்தியலை எடுத்து, சாக்கை மடித்துப் போட்டு, பெட்டியின் ஓரத்தில் ஒன்று வைத்தேன். திறக்கவே முடியாது என்றார்களே, நான்காவது அடியில் வாயைப் பிளந்தது. சீட்டை மட்டும் இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்காவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

நேரே நகை செய்கிற பத்தரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தவர், "ஏற்கெனவே வளையம் இருந்த காசும்மா இது. ஏன் எடுத்தாங்க? வேற எடத்துல வெக்கட்டுமா, அங்கயே வெக்கட்டுமா?" என்றார்.

"அங்கயே வைங்க."

"பழங்காசு. பத்தவெச்சா மதிப்பு போயிடும்."

"யார் மதிப்பு?" என்றேன். பத்தர் விழித்தார். பாவம், அவருக்கென்ன தெரியும்.

வரும்வழியில் ஜபருல்லா பாய்க்குப் போன் போட்டேன். தப்பாகப் பேசிவிட்டேன் பாய், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு மணிவிழாவுக்கு வரவேண்டும் என்றேன். "என்னிக்கோ மறந்துட்டேன்மா" என்றார். மறந்திருக்கமாட்டார். அப்படிச் சொன்னதே பெரிது.

இவருக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று இந்த டைரியில் பொய் எழுதமாட்டேன். அது என் கழுத்தில் இருந்தால், இவர் அதைத் தேடிப் பீரோவுக்குப் போகவேண்டாம், என்னிடம்தானே வரவேண்டும்? அதுவும் ஒரு காரணம்.

செப்டம்பர் 4, வியாழன்

மணிவிழா. கால் இரண்டும் கழன்றுவிடும்போல இருக்கிறது. இருந்தாலும் எழுதாமல் படுக்கமுடியாது.

தாலித்தட்டை நான்தான் தயார் செய்தேன். மஞ்சள் கயிற்றில் புதுத் தாலி, பக்கத்தில் அந்த ராணிக்காசு. மஞ்சளரிசியின்மேல் வைத்திருந்தேன். ஐயர் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்றார். "எங்க அக்காது" என்றேன். அவர் எனக்குக் கூடப்பிறந்த அக்கா என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார். தட்டு சபைக்குள் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிவந்தது. கன்னியம்மா அண்ணி தொட்டுக் கும்பிடப்போனவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். "அப்புறம் சொல்றேன் அண்ணி" என்றேன். பாய் தட்டைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

கெட்டிமேளம் என்றார் ஐயர். இவர் கயிற்றைக் கையில் எடுத்தார். முதலில் கவனிக்கவில்லை. தாலியை நேராக்கும்போது காசு விரலில் பட்டது. கட்டைவிரல் தானாக விளிம்பில் ஓடியது. மேலே போனது. வளையத்தில் முட்டி நின்றது.

நாதஸ்வரம் பிளந்துகட்டுகிறது. இவர் நிற்கிறார். அப்படியே நிற்கிறார். புதுக்கண் இரண்டும் குளமாகிவிட்டது. உதடு என்னவோ சொல்லப் பார்க்கிறது. மேகலா பின்னாலிருந்து "அப்பா, அப்பா" என்கிறாள்.

நான் மெல்லச் சொன்னேன். "கட்டுங்க. எல்லாரும் அரிசியக் கையில வெச்சிக்கினு நிக்கறாங்க."

கட்டினார். மூன்று முடிச்சும் அவரே போட்டார், நாத்தனாரை விடவில்லை. அரிசி வந்து எங்கள் இரண்டுபேர்மேலும் விழுந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

விருந்தாளிகள் எல்லோரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. காபி கலந்துகொண்டு போனேன். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"எப்பத் தெரியும்?"

"ஆடியிலயே பாதி. மீதி அக்கா படையலன்னிக்கு."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"அவ தங்கச்சி வூட்டுக்குப் போய்ச் சொல்லணும்" என்றார். "போலாம், நானும் வரேன்" என்றேன். பிறகு, "மரகதம், கொஞ்சம் கிட்ட உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். என் கழுத்திலிருந்து காசை மட்டும் தனியே எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். நான் அசையவில்லை. அவர் கை கழுத்தில் பட்டபோது கூச்சமாக இருந்தது. ஐம்பது தாண்டினவளுக்கு என்ன கூச்சம் என்று எனக்கே சிரிப்பு. காபி ஆறிக்கொண்டிருந்தது.

"குடிங்க, ஆறுது."

அவர் டம்ளரைப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். "வேணி காபியே குடிக்கமாட்டா. வாசனையே ஆவாது அவளுக்கு. டீதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் பெயரை இவர் வாயால் நான் கேட்டது இதுதான் முதல்தரம். வருஷம் தவறாமல் அக்கா படத்துக்கு முன்னால் டவரா நிறைய காபி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்திலேயே கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே, படுபாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீ வைத்திருக்கமாட்டேனா?

எழுந்துபோய் டீக்குப் பால் வைத்தேன். மூன்று டம்ளர் போட்டேன்.